இளநிலை இயற்பியல்: எந்தப் பாடத்துக்கு முன் எது? வாசகர் கேள்வி பதில்

இளநிலை இயற்பியலில் பாடங்களை எந்த வரிசையில் எடுப்பது, எதற்கு எது முன்தேவை என்று கேட்டு வந்தவற்றில் சில இங்கே. பாடத்தின் பெயரும் பருவமும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பாடத்துக்குள் இருக்கும் கணக்கு மாறாது. பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கை வைத்தே சொல்லப்பட்டிருக்கின்றன.

கே: பள்ளி இறுதியில் கணிதமும் இயற்பியலும் எடுத்துத் தேறிவிட்டேன், மதிப்பெண் சுமார்தான். இயற்பியல் பட்டப்படிப்பு எனக்கு ஒத்துவருமா?

ப: மதிப்பெண்ணைச் சற்று ஓரமாக வையுங்கள். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, கணிப்பானும் சூத்திரப் புத்தகமும் இல்லாமல் இவற்றைச் செய்து பாருங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு எத்தனை மீட்டர்? (20.) 30 பாகைச் சரிவில் நிற்கும் பெட்டியின் எடையைச் சரிவை ஒட்டியும் சரிவுக்குச் செங்குத்தாகவும் இரண்டாகப் பிரியுங்கள். (சரிவை ஒட்டி வருவது எடையில் சரிபாதி.) நேரத்தின் வர்க்கத்தை நேரத்தின் சைனால் பெருக்கி, அந்தப் பெருக்கத்தை வகையிடுங்கள். நேரத்தின் வர்க்கத்தை 0 முதல் 3 வரை தொகையிட்டு 9 வருகிறதா பாருங்கள். அந்த 9 எந்தப் பரப்பைக் குறிக்கிறது என்று படம் போடுங்கள்.

இவை வந்தால் தயங்காமல் சேருங்கள். வகையிடலில் மட்டும் தடுமாறினால் அது சில வாரப் பயிற்சியில் சரியாகிவிடும். பின்னங்களைச் சேர்ப்பதிலும், சமன்பாட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்போது குறி மாறுவதிலும் தடுமாறினால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். முதலாண்டுத் தேர்வுத் தாள்களில் புதிய நுண்கணிதத்தைவிடப் பழைய இயற்கணிதம் காவு வாங்குவதே அதிகம் என்பது எங்கள் கணிப்பு.

ஒரு பழக்கத்தை இன்றே தொடங்கலாம். எண்களைக் கடைசி வரி வரை போடாதீர்கள். கப்பியின் இருபுறமும் தொங்கும் இரண்டு நிறைகளின் முடுக்கம் கேட்டால், எழுத்துகளாலேயே விடை காணுங்கள்: ஈர்ப்பு முடுக்கம் × (நிறைகளின் வேறுபாடு ÷ நிறைகளின் கூடுதல்). நிறைகள் சமமானால் விடை பூச்சியம். ஒரு பக்கம் நிறையே இல்லையென்றால் மற்றது தடையின்றி விழுகிறது. இரண்டும் பொருந்துகின்றன. வகுக்கும் இடத்தில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் எழுதியிருந்தால், சம நிறைகளுக்கு விடையே கிடைக்காமல் தவறு அங்கேயே பிடிபட்டிருக்கும். தொடக்கத்திலேயே 3 கிலோ, 5 கிலோ என்று எண்ணைப் போட்டவருக்கு இந்தச் சோதனை கைக்கு எட்டாது.

கே: பட்டியலில் அறிமுக இயற்பியல் இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று இயற்கணிதம் மட்டும் போதும் என்கிறது, மற்றது நுண்கணிதம் கேட்கிறது. எளிதானதை முடித்துவிட்டு மேலே போகலாமா?

ப: இயற்பியலையே முதன்மைப் பாடமாக எடுக்கிறவர் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். முதலாவது, உயிரியல், மருத்துவம் போன்ற துறைகளுக்குப் போகிறவர்களுக்காக அமைந்தது. தலைப்புகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் மாறாத விசை, மாறாத முடுக்கம் என்ற வேலிக்குள்ளேயே கணக்குகள் நின்றுவிடும். அதை முடித்தவரை அடுத்த பாடத்துக்கு அனுமதிக்காத கல்லூரிகள் உண்டு. அனுமதித்தாலும் இரண்டாவது பருவத்தில் மூச்சு முட்டும்.

கே: நுண்கணிதத்தையும் இயக்கவியலையும் ஒரே பருவத்தில் எடுக்கலாம், அது “உடன்தேவை”தான் என்கிறார்கள். நடைமுறையில் சமாளிக்க முடியுமா?

ப: முடியும். இரண்டு வகுப்புகளும் ஒரே வேகத்தில் நடக்காது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். கணித ஆசிரியர் எல்லை, தொடர்ச்சி என்று நிதானமாகத் தொடங்குவார். இயற்பியல் ஆசிரியருக்கு முதல் வாரமே திசைவேகம் என்ற வகைக்கெழு வேண்டும். வேலை, ஆற்றல் வரும்போது தொகையீடு வேண்டும். கணித வகுப்பு அந்த நேரத்தில் பெரும்பாலும் அதைத் தொட்டிருக்காது.

எனவே பருவம் தொடங்குவதற்கு முன்பே கொஞ்சம் முந்திக்கொள்ளுங்கள். அடுக்கு, சைன், கோசைன், அடுக்குக்குறிச் சார்பு ஆகியவற்றின் வகைக்கெழு. பெருக்கல் விதி, சங்கிலி விதி. பரப்பாகத் தொகையீட்டைப் பார்ப்பது. இவ்வளவு போதும். எல்லையின் முறையான நிறுவல்களும் தொகையிடும் தந்திரங்களும் கணித வகுப்பில் அதனதன் நேரத்தில் வரட்டும்.

உண்மையான சோதனை காற்றுத்தடையில் வரும். விழும் பொருளின் மீதான தடை வேகத்துக்கு நேர்விகிதம் என்றால் முடுக்கம் மாறிக்கொண்டே போகும். பள்ளியில் மனப்பாடம் செய்த மூன்று இயக்கச் சமன்பாடுகளும் அங்கே செல்லாது. அவற்றையே போட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கணக்கில் வழக்கமாக நடக்கும் தவறு. வேகம் உள்ளதை ஒரு பக்கமும் நேரம் உள்ளதை மறுபக்கமும் பிரித்துத் தொகையிட வேண்டும். விடை சரியா என்று பார்க்க இரண்டு முனைகளையும் தொடுங்கள்: மிகக் குறைந்த நேரத்தில் அது தடையில்லாத விழுதலாகச் சுருங்க வேண்டும், நெடுநேரம் கழித்து, எடையும் தடையும் சமமாகும் முற்றுத் திசைவேகத்தில் நிலைக்க வேண்டும்.

கே: இயக்கவியலில் நல்ல மதிப்பெண் எடுத்த என் மகன் மின்காந்தவியலில் திணறுகிறான். பன்மாறி நுண்கணிதத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்ததுதான் காரணமா?

ப: பெரும்பாலும் அதுதான். இயக்கவியலில் அவர் ஒரு துகளைப் பின்தொடர்ந்தார். மாறுவது நேரம் ஒன்றே. மின்புலம் வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர். கோடு, பரப்பு, கனஅளவு என்று மூன்று விதமாகத் தொகையிட வேண்டியிருக்கிறது.

ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள், எங்கே சிக்கல் என்று தெரிந்துவிடும். ஒரு கோளத்தில் மின்னூட்ட அடர்த்தி மையத்திலிருந்து உள்ள தொலைவுக்கு நேர்விகிதமாகக் கூடுகிறது. உள்ளே மின்புலம் எப்படி மாறும்? காஸ் விதியை (மூடிய பரப்பு வழியே வெளிவரும் மொத்த மின்புலம் உள்ளே இருக்கும் மின்னூட்டத்துக்கு நேர்விகிதம்) எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். உள்ளே எவ்வளவு மின்னூட்டம் என்று கேட்கும் இடத்தில்தான் பலர் அடர்த்தியைக் கனஅளவால் பெருக்குகிறார்கள். அடர்த்தி எங்கும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அது செல்லும். இங்கே கோளத்தை வெங்காயத் தோல் போல மெல்லிய ஓடுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வோர் ஓட்டின் மின்னூட்டம் = அந்த இடத்து அடர்த்தி × கோளப் பரப்பு × தடிமன். அடர்த்தி ஆரத்தின் முதல் அடுக்காகவும் பரப்பு இரண்டாம் அடுக்காகவும் கூடுவதால், ஆரத்தின் மூன்றாம் அடுக்கைத் தொகையிடுகிறோம். வருவது நான்காம் அடுக்கு, 4-ஆல் வகுத்தது. அவசரமாக, விளிம்பில் உள்ள அடர்த்தியைக் கனஅளவால் பெருக்கியவருக்கு அதே நான்காம் அடுக்கு 3-ஆல் வகுபட்டு வரும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அடுக்கு சரியாக இருப்பதால் அலகுச் சோதனையில்கூட இந்தத் தவறு தப்பிவிடும். அதனால்தான் இது தேர்வுத் தாள் வரை போய்ச் சேர்கிறது.

பிறகு கோளப் பரப்பால் வகுத்தால், உள்ளே புலம் தொலைவின் வர்க்கமாகக் கூடுகிறது என்று கிடைக்கும். வெளியே வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது. கோளத்தின் மேற்பரப்பில் இரண்டு விடைகளும் ஒன்றாக வேண்டும்.

உங்கள் மகன் இந்த ஓட்டுக் கணக்கைத் தானாகப் போட்டுவிட்டால் முதல் மின்காந்தவியல் பாடத்தைக் கடந்துவிடுவார். மேக்ஸ்வெல் சமன்பாடுகளை வகைக்கெழு வடிவில் நடத்தும் இரண்டாவது பாடத்துக்கு அது போதாது. புலம் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று சொல்லும் சாய்வு, விரிதல், சுருள் மூன்றும், கோள ஆயங்களில் அவற்றின் வடிவமும், காஸ், ஸ்டோக்ஸ் தேற்றங்களும் முன்பே கைவந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் முன்தேவையைத் தளர்த்தச் சொல்லிக் கேட்காதீர்கள்.

கே: குவாண்டம் இயக்கவியலுக்கு முன்தேவையாக விசைகளுக்குப் பதில் ஆற்றலை வைத்து இயக்கத்தைக் காணும் லக்ராஞ்சியன் முறை நடத்தும் மேல்நிலை இயக்கவியலைப் போட்டிருக்கிறார்கள். அது எனக்கு ஒரு வருடம் தள்ளிப்போகிறது. விட்டுவிட்டுப் போகலாமா?

ப: துறையின் அனுமதி கிடைத்தால் போகலாம். முதல் குவாண்டம் பாடத்துக்கு அந்தப் பாடத்திலிருந்து வேண்டியது மொத்த ஆற்றலை நிலையாலும் உந்தத்தாலும் எழுதும் ஹாமில்டோனியன் என்ற கருத்தும், தனிச்சீரிசை இயக்கத்தில் நல்ல பழக்கமும்தான். சில நாட்களில் அதைப் பிடித்துவிடலாம்.

நேரியல் இயற்கணிதம் அப்படியல்ல. அது இல்லாமல் போகிறவர் முதல் மாதம் முழுவதும் குறியீடுகளைப் படியெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் வரிசையில் 0, 1; இரண்டாம் வரிசையில் 1, 0 என்ற சிறிய அணியை எடுங்கள். அணியால் பெருக்கும்போது ஒரு வெக்டர் ஓர் எண்ணால் மட்டும் பெருகி வந்தால், அந்த எண் ஐகன் மதிப்பு, அந்த வெக்டர் ஐகன் வெக்டர். இந்த அணியின் ஐகன் மதிப்புகள் +1, −1. ஐகன் வெக்டர்கள் (1, 1), (1, −1). நீளம் 1 ஆக வேண்டுமானால் இரண்டையும் 2-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். இப்போது (1, 0) என்ற வெக்டரை இந்த இரண்டின் கூட்டலாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் கெழுவையும் வர்க்கப்படுத்தினால் பாதி, பாதி. எலக்ட்ரானின் தற்சுழற்சியை ஓர் அச்சில் உறுதிசெய்துவிட்டு அதற்குச் செங்குத்தான அச்சில் அளந்தால், இரண்டு விடைகளுக்கும் சம வாய்ப்பு என்பதன் முழுக் கணக்கும் இவ்வளவுதான். ஐகன் மதிப்பு அளவீட்டின் விடை, கெழுவின் எண்ணளவின் வர்க்கம் அதன் நிகழ்தகவு. நீளத்தை 1 ஆக்க மறந்தவருக்கு நிகழ்தகவுகளின் கூட்டல் 1 வராது. இந்தப் பாடத்தில் மிக அதிகமாகக் காணப்படும் பிழை அது.

1925-இல் ஹைசன்பர்க் தன் புதிய கணக்கில், பெருக்கும் வரிசையை மாற்றினால் விடை மாறுவதைக் கண்டு குழம்பினார். அது அணிப் பெருக்கல் என்று அடையாளம் கண்டவர் மேக்ஸ் போர்ன். இன்று அதே குழப்பத்தில் ஒரு மாணவர் மாதக்கணக்கில் தவிக்க வேண்டிய அவசியமில்லை.

இதனுடன் கலப்பெண்களும் வேண்டும். இணையெண்ணால் பெருக்கி எண்ணளவு காண்பதும், கலப்பு அடுக்குக்குறியைக் கோசைன், சைனாகப் பிரிப்பதும் யோசிக்காமல் வர வேண்டும். மூன்றாவதாக, எல்லை நிபந்தனையோடு வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்ப்பது. இரு முனைகளிலும் கட்டப்பட்ட கம்பியில் எந்த அலைகள் நிற்கும் என்று கண்டவருக்கு, பெட்டிக்குள் அடைபட்ட துகள் புதிய கணக்கே அல்ல.

கே: வெப்ப இயக்கவியலை எடுக்காமல் நேராகப் புள்ளியியல் இயக்கவியலுக்குப் போனால் என்ன?

ப: இரண்டையும் ஒரே பாடமாக இணைத்து நடத்தும் கல்லூரிகளில் இந்தக் கேள்வியே எழாது. தனித்தனியாக இருந்தால் வெப்ப இயக்கவியல் முதலில் வருவது நல்லது. என்ட்ரோபியை (ஒரு நிலை எத்தனை நுண்ணமைப்புகளில் அமையலாம் என்பதைக் காட்டுவது) ஓர் அளவாகப் பழகிய பிறகு அதை எண்ணிக் கணக்கிடுவது எளிது.

புள்ளியியல் பக்கம் கேட்பது எண்ணும் முறைகளும் நிகழ்தகவும். பெரிய எண்களின் தொடர்பெருக்கத்துக்கு (1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கியது) ஸ்டெர்லிங் தோராயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தாதீர்கள். எளிய வடிவத்தில் (எண் × அதன் இயல் மடக்கை − எண்), 10-இன் தொடர்பெருக்கத்தின் இயல் மடக்கைக்கு அது 13.03 தருகிறது, உண்மையில் 15.10. 100-க்கு 360.5 தருகிறது, உண்மை 363.7, பிழை நூற்றில் ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. மோல் கணக்கில் துகள்கள் இருக்கும்போது பிழையை மறந்தேவிடலாம். வீட்டுக்கணக்கில் நான்கைந்து துகள்கள் கொடுத்தால் கூடாது.

வெப்ப இயக்கவியல் பக்கம், பகுதி வகைக்கெழுவில் எதை மாறாமல் வைத்தீர்கள் என்பதை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். மாறாக் கனஅளவில் வெப்ப ஏற்புத்திறன் ஒன்று, மாறா அழுத்தத்தில் வேறு. நல்லியல்பு வாயுவின் ஒரு மோலுக்கு இரண்டின் வேறுபாடு கெல்வினுக்கு 8.314 ஜூல். அந்தக் கீழ்க்குறியை விட்டால் எந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே போய்விடும்.

கே: எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்கிறேன். ஆய்வகத்தில் மட்டும் “பிழை ஆய்வு போதாது” என்று மதிப்பெண் குறைக்கிறார்கள். இதற்கென்று முன்பே படிக்க வேண்டியது உண்டா?

ப: சராசரி, திட்ட விலக்கம், பிழைகளை இணைக்கும் விதி, நேர்கோடு பொருத்துதல். இந்த நான்கும்தான் ஆய்வகத்தின் முன்தேவை. பெரும்பாலான பாடத்திட்டங்களில் இது எங்குமே தனிப்பாடமாக வருவதில்லை. மாணவர் தானாகத் தெரிந்துகொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். அது நியாயமில்லை.

தனி ஊசலையே எடுத்துக்கொள்வோம். 1 மீட்டர் நீள ஊசலின் அலைவுநேரம் சுமார் 2 நொடி. நிறுத்து கடிகாரத்தை அழுத்துவதில் உங்கள் கை 0.2 நொடி தவறலாம் என்று வையுங்கள். ஓர் அலைவை மட்டும் அளந்தால் நேரத்தில் 10 சதவீதப் பிழை. ஈர்ப்பு முடுக்கத்துக்கான சூத்திரத்தில் நேரம் வர்க்கமாக வருவதால் அது 20 சதவீதமாகிவிடும். 20 அலைவுகளைச் சேர்த்து 40 நொடி அளந்தால், அதே கைத்தவறு அரை சதவீதம். முடிவில் 1 சதவீதம். நீளத்தை 1 மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்தால் அதன் பங்கு 0.1 சதவீதம்தான். ஆகவே நீளத்தை இன்னும் நுட்பமாக அளக்கப் பாடுபடுவது வீண். அந்த நேரத்தில் கூடுதல் அலைவுகளை எண்ணுங்கள். இந்த வாக்கியத்தைத்தான் பிழை ஆய்வில் எதிர்பார்க்கிறார்கள்.

இன்னும் இரண்டு. வீச்சு 20 பாகை இருந்தால் அலைவுநேரம் சுமார் 0.8 சதவீதம் கூடிவிடும். எத்தனை அலைவு எண்ணினாலும் அந்தப் பிழை கரையாது. 5 பாகைக்குள் வைத்தால் அது 0.05 சதவீதத்துக்குள் அடங்கும். நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். கொக்கி வரை அளந்துவிட்டால் ஒவ்வொரு நீளத்திலும் ஒரே அளவு குறையும். இதற்கு மருந்து, ஒரே நீளத்தில் நிற்காமல் ஐந்தாறு நீளங்களுக்கு அலைவுநேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைவது. அந்தக் குறை கோட்டை மேலே தூக்கும், ஆனால் சாய்வை மாற்றாது. ஈர்ப்பு முடுக்கம் சாய்விலிருந்துதான் கிடைக்கிறது என்பதால் விடை தப்பிக்கும். கோடு ஆதிப்புள்ளி வழியே போகவில்லை என்று வலுக்கட்டாயமாக வளைத்து வரைபவர், தானாகத் தப்பியிருக்க வேண்டிய விடையையும் கெடுத்துக்கொள்கிறார்.

கே: நிரலாக்கம் கட்டாயமா? எந்த மொழி?

ப: பட்டியலில் இல்லாவிட்டாலும் முதலாண்டிலேயே கற்றுக்கொள்ளுங்கள். பைத்தான் போதும். சுழற்சி, வரிசைப் பட்டியல், வரைபடம் போடுவது தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

முதல் பயிற்சியாக, சுருள்வில்லில் கட்டிய நிறையின் இயக்கத்தைச் சிறு நேரப்படிகளாகக் கணக்கிடுங்கள். பழைய நிலையையும் பழைய வேகத்தையும் வைத்துப் புதியவற்றைக் காணும் ஆய்லர் முறையில், ஓர் அலைவுக்கு 100 படிகள் வைத்தாலும், ஒரே அலைவு முடிவதற்குள் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். நிரலில் எழுத்துப்பிழை இல்லை, முறையே அப்படி. முதலில் வேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புதிய வேகத்தைக் கொண்டு நிலையைப் புதுப்பியுங்கள். மாற்றுவது ஒரே வரிதான். ஆற்றல் சற்றே மேலும் கீழும் ஆடும், ஏறிக்கொண்டே போகாது.

கே: முதலாண்டு மாணவி நான். சார்பியல் படிக்க ஆசை. எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்?

ப: 1905-இன் சிறப்புச் சார்பியலுக்குக் காத்திருக்கவே வேண்டாம். இயக்கவியலும் வர்க்கமூலமும் தெரிந்தால் போதும். 2.2 மைக்ரோநொடி சராசரி ஆயுள் கொண்ட மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்) ஒளிவேகத்தில் 99.5 சதவீத வேகத்தில் வந்தால், சாதாரணக் கணக்குப்படி சுமார் 660 மீட்டர்தான் போக வேண்டும். காலநீட்சிக் காரணி 10 என்பதால் சராசரியாக 6.6 கிலோமீட்டர் போகிறது. வளிமண்டலத்தின் மேலே பிறக்கும் மியூவான்கள் தரையை எட்டுவது இதனால்தான். இந்தக் கணக்கை இன்று மாலையே நீங்கள் போடலாம்.

1915-இன் பொதுச் சார்பியல் வேறு. வளைந்த வெளியின் வடிவியலை ஐன்ஸ்டைனே தன் நண்பர் மார்செல் கிராஸ்மனின் துணையோடுதான் கற்றார். பன்மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், லக்ராஞ்சியன் முறை, மின்காந்தவியல் இவற்றுக்குப் பிறகு, மூன்றாம் ஆண்டிலோ இறுதியாண்டிலோ எடுங்கள்.

கே: நேரியல் இயற்கணிதத்தை இரண்டு வருடத்துக்கு முன் தேறினேன், ஒன்றும் நினைவில்லை. ஆறு வாரத்தில் குவாண்டம் வகுப்பு தொடங்குகிறது. என்ன செய்வது?

ப: பழைய பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறக்காதீர்கள், சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்கும் அத்தியாயத்திலேயே ஆறு வாரமும் போய்விடும். முதல் வாரம் அணிப் பெருக்கல், அணிக்கோவை, அடிக்களம் (மற்ற எல்லா வெக்டர்களையும் எழுத உதவும் அடிப்படை வெக்டர்கள்). அடுத்த இரண்டு வாரமும் ஐகன் மதிப்புகள் மட்டும்: தினமும் நான்கைந்து கணக்குகள், 2-க்கு-2 அணிகளில் தொடங்கி 3-க்கு-3 வரை, கையால். நான்காம் வாரம் கலப்பெண்கள் உள்ள அணிகள்: இணையெடுத்து இடமாற்றுவது, அப்படிச் செய்தும் மாறாத ஹெர்மிஷியன் அணிகளுக்கு ஐகன் மதிப்புகள் ஏன் மெய்யெண்களாகவே வருகின்றன என்று நிறுவுவது. ஐந்தாம் வாரம் சார்புகளையும் வெக்டர்களாகப் பார்க்கப் பழகுங்கள். ஃபூரியர் தொடர் அதற்கு நல்ல வாசல்.

ஆறாம் வாரம் புத்தகத்தை மூடிவிட்டு, மேலே சொன்ன தற்சுழற்சிக் கணக்கை முழுதும் எழுதுங்கள். பிறகு முதல் வரிசையில் 0, −i; இரண்டாம் வரிசையில் i, 0 உள்ள அணிக்கு (i என்பது கற்பனை அலகு) அதையே செய்யுங்கள். ஐகன் மதிப்புகள் மறுபடியும் +1, −1 வந்து, நிகழ்தகவுகள் கூடி 1 ஆகிவிட்டால் வகுப்புக்குப் போங்கள். இரண்டு மூன்று முறை முயன்றும் வராவிட்டால் குவாண்டத்தை அடுத்த முறைக்குத் தள்ளி, இந்தப் பருவத்தில் ஒளியியலையோ மின்னணுவியலையோ எடுத்துக்கொண்டு, நேரியல் இயற்கணித வகுப்பில் போய் உட்காருங்கள். பெயரைப் பதிவு செய்யாமல் கேட்க மட்டும் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள்.